காலி ரவுண்டு

நேற்று வெள்ளிக்கிழமை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனை மளிகைக்கடையில் துவரம்பருப்பு வாங்க நின்றிருந்தேன். கரண்ட் போய், கடைக்காரர் வாசலில் ஜெனரேட்டரைப் போட்டிருந்தார். அது கடகடவென்று நடுங்கி டீசல் புகையைக் கக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வாராவாரம் கடை கடையாகச் சாம்பிராணி போட வருகிற பெரியவர் வந்தார். தூபக்காலை விசிறி, கல்லாவுக்கு ஒரு வீச்சு, அரிசி மூட்டைக்கு ஒரு வீச்சு, எனக்கும் ஒன்று. டீசலும் சாம்பிராணியும் கலந்து மூக்கில் ஏறியதும் பருப்பை மறந்து, பையை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். "இன்னா மாமி, புகை ஒத்துக்கலையா?" என்றார் பெரியவர். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. ஆமாம், புகைதான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

புகையில்லை, டிரைவர் பாய். உங்கள் நினைப்பு.

இந்த இரண்டு வாசனையும் சேர்ந்து வருகிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அடையாற்றுப் பக்கம், காட்டை ஒட்டிய நம் பூங்காவின் குழந்தைகள் ரயில். அதற்கு நீங்கள் டிரைவர், நான் கார்டு. ஒரு முனையில் நீங்கள், மறுமுனையில் நான், நடுவில் நான்கு பெட்டி நிறையக் கூச்சல். இப்படியே ஓடியது நம் உத்தியோகம்.

என் கணவர் போன பிறகு கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. ஆபீசில் ஒரு நாற்காலி தருவார்கள் என்று நம்பிப் போனேன். கண்காணிப்பாளர் ஒரு விசிலையும் இரண்டு கொடிகளையும் கையில் கொடுத்துப் பிளாட்பாரத்துக்கு அனுப்பிவிட்டார். மயிலாப்பூர் மாடவீதியில் வளர்ந்தவளுக்கு அறுபத்துமூவர் கூட்டத்தில் நீந்தத் தெரியும். ரயிலைப் பற்றி என்ன தெரியும்? கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் நான் நின்ற கோலத்தை இஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தீர்கள். "இன்னா மேடம், பொடவ கட்டிக்கினு ஓடற வண்டில ஏறுவீங்களா?" என்றீர்கள். எனக்கு இருந்த கடுப்பில், "நீங்க ஓட்டற வேகத்துக்கு நான் பின்னாடியே நடந்து வந்துடுவேன் பாய்" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த குல்லா நழுவியது. அன்று முதல் நான் மேடம் இல்லை, கார்டம்மா.

அந்த இஞ்சினின் பூர்வீகத்தை நீங்கள்தான் சொன்னீர்கள். தெற்கே ஏதோ சர்க்கரை ஆலையில், வயலுக்கும் ஆலைக்கும் நடுவே போட்டிருந்த குட்டித் தண்டவாளத்தில் கரும்பு வண்டி இழுத்துக்கொண்டிருந்ததாம். ஆலை லாரிக்கு மாறியதும் இங்கே வந்து சேர்ந்தது. வந்த இடத்தில், குழந்தைகளுக்குப் பிடிக்கவேண்டும் என்று தலையில் ஒரு பொய்ப் புகைபோக்கியை வைத்துச் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டார்கள். உங்களுக்கு அதில் தீராத கோபம். "டீசல் வண்டிக்கு இன்னாத்துக்கு கார்டம்மா தொப்பி? அன்னிக்கு கரும்பு இஸ்த்துச்சி, இன்னிக்கு கரும்பு துன்ற பசங்கள இஸ்க்குது. அது பாட்டுக்கு அது வேலய பாக்குது. வேசம் எதுக்கு?" என்பீர்கள்.

அப்புறம் அந்தத் தொப்பிக்கும் நீங்களே ஒரு வேலை கண்டுபிடித்தீர்கள். "அங்கிள், புகை எங்கே?" என்று ஒரு பெண்குழந்தை கேட்டுவிட்டு அழுதது ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வெள்ளிக்கிழமை தி. நகர் கடைகளுக்குச் சாம்பிராணி போடுகிற உங்கள் அண்ணனிடமிருந்து ஒரு டப்பா நெருப்புக்கரியும் ஒரு பொட்டலமும் வாங்கிவந்து, புகைபோக்கிக்குள் தகரத் தட்டு வைத்து மூட்டிவிட்டீர்கள். வண்டி வெள்ளைப் புகையோடு வளைவில் திரும்பியது. குழந்தைகள் குதித்தார்கள். ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்காணிப்பாளர் ஓடிவந்து, "யோவ், இது ரயிலா, கோயிலா?" என்று கத்தினார். "ரெண்டுமே பசங்க வர்ற எடம்தான் சார்" என்றீர்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் எல்லா வெள்ளிக்கிழமையும் நம் வண்டி மணத்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் பெண் என் புடவையை முகர்ந்துவிட்டு, "இன்னிக்கு எந்தக் கோயில்மா?" என்பாள்.

நாம் பேசிக்கொண்டதெல்லாம் காலி ரவுண்டில்தான். காலையில் கேட் திறப்பதற்கு முன்னால், ஆளில்லாமல் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது பூங்காவின் வழக்கம். ராத்திரியில் காட்டிலிருந்து சுவர் தாண்டி வரும் மான்கள் தண்டவாளத்தில்தான் படுத்துக் கிடக்கும். சில நாள் விழுந்த மரக்கிளை இருக்கும், சில நாள் பாம்பு. அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் நான் கடைசிப் பெட்டியை விட்டு, இஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் உங்கள் முதுகைப் பார்த்தபடி உட்காருவேன். இஞ்சின் சத்தத்தில் சாதாரணமாகப் பேசினால் காதில் விழாது. உங்கள் வீட்டம்மாவின் சர்க்கரை, என் பெண்ணின் பரீட்சை, ராயப்பேட்டையில் உங்கள் தெருவில் வராத தண்ணீர் லாரி, எல்லாவற்றையும் கத்திக் கத்தியே பேசினோம். தோட்டக்காரர்களுக்கு நம் வீட்டுக் கதை முழுக்கத் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை.

அப்படி ஒரு காலையில்தான் நான் உடைந்து போனேன். முதல்நாள் பெண்ணுக்குக் காய்ச்சல், வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார், ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. "ஆத்துல எல்லாத்தையும் நான் ஒருத்தியே ஓட்ட வேண்டியிருக்கு பாய். முன்னாடியும் நானே பாக்கணும், பின்னாடியும் நானே பாக்கணும். பயமா இருக்கு" என்று கத்தினேன். கத்தியதால் அழுகை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் திரும்பவில்லை. "டிரைவரு பின்னாடி பாக்கக் கூடாது கார்டம்மா. அதுக்குத்தான் நீங்க கீறீங்க. ஒரே ஆளு ரெண்டு பக்கமும் பாத்தா வண்டி கவுந்துடும். பின்னாடி ஒரு ஆளு கீதுன்னு நெனச்சிக்கினு ஓட்டுங்க" என்றீர்கள். பின்னாடி யாருமே இல்லாதவளிடம் என்ன பேச்சு இது என்று அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வந்தது.

நமக்குள் விசில்தான் சட்டம். எல்லாரும் ஏறியாயிற்று என்றால் நான் நீளமாக ஒரு விசில். அது கேட்காமல் மந்திரியே சொன்னாலும் நீங்கள் வண்டியை எடுக்கமாட்டீர்கள். ஒரே ஒரு தடவை அதை மீறினீர்கள். நம் வண்டியின் தலையெழுத்தை மாற்றியது அந்தத் தடவைதான்.

காணும் பொங்கலன்று சென்னையில் யாருமே வீட்டில் இருப்பதில்லை. பீச்சுக்குப் போனவர்கள் போக மிச்சம் அத்தனை பேரும் கட்டுச்சாதமும் கரும்புமாக நம் பூங்காவில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். இஞ்சினில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வீணாய்ப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஷெட்டின் சரிவில் நிறுத்திவைத்துக் காலையில் உருட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவீர்கள். அப்புறம் சாயங்காலம் வரை அணைப்பதில்லை. அன்று பார்த்துக் குளத்து வளைவில் ஒரு மான் குறுக்கே பாய, நீங்கள் பிரேக் போட, இஞ்சின் நின்றுவிட்டது. வெயில். பெட்டி நிறைய ஜனம். "அல்லாரும் எறங்கு நைனா! ஒரு கை குடு!" என்று நீங்கள் குரல் கொடுத்ததும், டிக்கெட் வாங்கி ஏறிய கூட்டம் இறங்கிச் சிரித்துக்கொண்டே தங்கள் ரயிலைத் தாங்களே தள்ளியது. நானும் புடவையைச் செருகிக்கொண்டு தள்ளினேன்.

இஞ்சின் உயிர்வந்து உறுமியது. கொஞ்சம் சூடேறுவதற்குள் நிறுத்தினால் மறுபடி செத்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நிறுத்தவில்லை. ஒரு ஆள்கூட இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் வெளியே நீட்டி டாட்டா காட்டியபடி போய்க்கொண்டே இருந்தீர்கள். கரும்பும் கையுமாக ஊரே பின்னால் ஓடியது. "யோவ், என் செருப்பு வண்டில கீதுய்யா!" என்று ஒருவர் அலறினார். நான் தண்டவாளத்தின் நடுவில் சிவப்புக்கொடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்ட ஊதினேன். முழுச் சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து நிறுத்தி, "ஏறுங்க, ஏறுங்க, சூடாய்ச்சி" என்றீர்களே, உங்களை அடிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை எனக்கு.

ஜனங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் யாரோ செல்போனில் படம் பிடித்துவிட்டார்கள். பயணிகளை விட்டுவிட்டு ஓடும் ரயில் என்று அது ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த வாரமே கண்காணிப்பாளர் கூப்பிட்டார். திட்டவில்லை, பாவம். பேட்டரியில் ஓடும் புது இஞ்சின் வருகிறது, சத்தமில்லை, புகையில்லை, இதை நிறுத்திவிடலாம் என்று முடிவாகிவிட்டது என்றார். நீங்கள் ஓய்வு பெறுகிற மாதமே இதையும் நிறுத்துவதாகச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ரிட்டையர்மென்ட்டா சார்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தீர்கள்.

மறுநாள் காலி ரவுண்டில் சொன்னீர்கள். "ஒரு ஆசை கார்டம்மா. இத்தினி வருசத்துல இந்த வண்டில ஒரு தபாகூட நான் குந்திக்கினு போனதில்ல. பாசஞ்சரா போணும். ஒரே ஒரு ரவுண்டு. இன்னா மாதிரி கீதுன்னு பாக்கணும்."

"அதுக்கென்ன, தாராளமா போங்கோ. ஆனா வண்டிய யார் ஓட்டுவா?"

நீங்கள் அன்றைக்கு மட்டும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"நான் ஆத்துல மிக்சியையே பயந்துண்டு போடறவ பாய்!"

"மிக்சி வேற மாரி. அதுல கை வெச்சா போய்டும். இது சாது."

விதிப்படி அது சரியில்லைதான். காலி வண்டி, காலிப் பூங்கா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எப்படியாவது அந்த ஒரு சுற்றை உங்களுக்குக் கொடுத்துவிடவேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வீம்பு வந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், உங்களைப் போல மோசமாகச் சொல்லித்தருகிற ஆளை நான் பார்த்ததில்லை. "கிளட்ச்ச மெல்ல விடுங்க, கொழந்தய தூளில வுடற மாரி" என்பீர்கள். நான் மெல்ல விட்டால், "தூங்கறீங்களா?" என்பீர்கள். முதல் தடவை நான் எடுத்தபோது நான்கு பெட்டியும் ஒன்றோடொன்று மோதி, மான்கள் காடு வரைக்கும் ஓடின. "உங்க பொண்ண நீங்க இப்டித்தான் தூங்க வெச்சீங்களா?" என்று கேட்டீர்கள். நான் இறங்கிப் போய்விட்டேன். மறுநாள் நானே வந்து ஏறினேன். நீங்கள் நகர்ந்து இடம் விட்டீர்கள்.

உங்கள் கடைசி நாள் காலையில் அந்தச் சுற்று என்று பேசிவைத்திருந்தோம். ஆனால் புது இஞ்சின் சொன்ன தேதிக்கு முன்னாலேயே லாரியில் வந்து இறங்கிவிட்டது. பழையதை நாளைக் காலை கிரேன் தூக்கிவிடும், வசதியாக இப்போதே பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்து என்று சாயங்காலமே உத்தரவு வந்தது. பிளாட்பாரம் சமதளம், உருட்ட வழியில்லை. ஒருமுறை அணைத்தால் அவ்வளவுதான். செல்ஃபையாவது சரிபண்ணலாம் என்று ராத்திரி பூரா அங்கேயே கிடந்து மல்லுக்கட்டினீர்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். காலையில் நான் வந்தபோது கை முழுக்கக் கிரீசும் சிவந்த கண்ணுமாகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். "எடுக்கல கார்டம்மா. வுடுங்க. நமக்கு குடுத்து வெக்கல" என்றீர்கள். கேட்டுக்கு வெளியே கிரேன் வந்து நின்றிருந்தது.

என் வாழ்க்கையில் பலதை நான் சரி போகட்டும் என்று விட்டிருக்கிறேன். இதை விட மனசு வரவில்லை. "எழுந்திருங்கோ பாய். தள்ளுங்கோ" என்றேன்.

தோட்டக்காரர்கள் வந்தார்கள், பெருக்குகிற பெண்கள் வந்தார்கள், என்ன ஏது என்று கேட்காமல் கிரேன்காரரும் ஒரு கை கொடுத்தார். விசிலையும் பச்சைக்கொடியையும் உங்களிடம் கொடுத்துவிட்டு நான் இஞ்சினில் ஏறினேன். நான் கிளட்சைத் தப்பாக விட்டால் உங்கள் ஆசை அங்கேயே முடிந்தது. சரியாக விட்டாலோ, வண்டி கிளம்பிவிடும், நிறுத்தமுடியாது. தள்ளுகிறவர் நீங்கள், காணும் பொங்கல் கூட்டம் மாதிரி தண்டவாளத்தில் நின்றுவிடுவீர்கள். "போலாம்!" என்று பின்னாலிருந்து கத்தினீர்கள். வண்டி நகர்ந்தது. தூளியில் விடுவது போல விட்டேன். இஞ்சின் ஒருமுறை விக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. எவ்வளவு மெதுவாக ஓட்டமுடியுமோ அவ்வளவு மெதுவாக, அணைந்துவிடாமல், உருட்டிக்கொண்டே போனேன். பிளாட்பாரம் முடிகிற இடம் வந்துவிட்டது. விழுந்துவிட்டீர்களோ, ஏறமுடியவில்லையோ என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். அப்போது பின்னாலிருந்து கேட்டது. நீளமாக, ஒரே ஒரு விசில்.

அந்தச் சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை பாய். ஹாரனை அழுத்திக்கொண்டே குளத்து வளைவில் திருப்பினேன். மான்கள் எழுந்து வழிவிட்டன. வெயில் மரங்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. ஒரு சுற்று முடிந்து பிளாட்பாரம் வந்தபோது கண்காணிப்பாளர் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் அதோடு சரி, இந்த இஞ்சின் இனிமேல் ஓடாது. அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இன்னொரு சுற்று போனேன். அதற்குப் பிறகும் ஒன்று. முன்னால் நான் பார்க்கிறேன், பின்னால் பாய் பார்க்கிறார் என்ற தைரியத்தில் பாட்டுக்கூடப் பாடினேன்.

கடைசியில் நிறுத்தி, இறங்கி, பெருமையாகப் பின்பெட்டிக்கு நடந்து வந்தேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கொடி மடியில், விசில் கழுத்தில், வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி ஆழ்ந்த தூக்கம். எழுப்பியதும் மிரண்டு விழித்தீர்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இதுக்கா நான் இத்தனை பாடுபட்டேன்? ஒண்ணையும் பாக்கலையா நீங்க?"

"மொதல் வளைவு வரிக்கும் பாத்தேன் கார்டம்மா. மரம்லாம் பின்னாடி போச்சி. சோக்கா இருந்துச்சி" என்றீர்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "ராவுல படுத்தா நாலு பொட்டியும் என் நெஞ்சு மேலதான் ஓடும். இன்னிக்கு வேற ஆளு பாத்துக்கறாங்களேன்னு நெனச்சேன். அவ்ளோதான், கண்ண இஸ்த்துக்கினு போச்சி."

கிரேன் வந்தது. நாம் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். அழுதது நான்தான். நீங்கள் அந்தத் தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது அந்த இஞ்சின் பூங்கா வாசலில் ஒரு மேடையில் நிற்கிறது. வானவில் நிறமெல்லாம் அடித்திருக்கிறார்கள். அதன்மேல் குழந்தைகளை ஏற்றி செல்பி எடுக்கிறார்கள். தொப்பி இன்னும் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காது.

போன மாதம் உங்கள் வீட்டம்மா போன் செய்தார்கள். ராயப்பேட்டைக்கு ஓடினேன். நான் போவதற்குள் உங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சின்ன அறையில் அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "ராத்திரி படுத்தாரு, காலைல எந்திரிக்கல. தூக்கத்துலயே போய்ட்டாரு. பூனை நடந்தாகூட முழிச்சிக்கிற மனுசன்மா அவரு. எப்பவும் சொல்லுவாரு, என் வாழ்க்கைல நிம்மதியா தூங்குனது ஒரே ஒரு தபா, கார்டம்மா வண்டில தூங்குனதுதான்னு."

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. கார்டு தூங்கிவிட்டார் என்றால், முதல் வளைவுக்கு அப்புறம் அந்த மூன்று சுற்றும் பின்னால் பார்க்க யாருமே இல்லாமல்தான் நான் ஓட்டியிருக்கிறேன். யாரோ இருக்கிறார்கள் என்று நம்பினேன், வண்டி தடம்புரளாமல் வந்து சேர்ந்தது. என் பெண்ணைப் படிக்கவைத்ததும், அவள் கல்யாணமும், இந்தத் தனி வீடும், எல்லாமே அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு உங்கள் மேல் கோபப்பட்டேனே, நீங்கள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

விசில் இப்போதும் என் கைப்பையில், சாவிக்கொத்தோடு கிடக்கிறது. ஊதுவதில்லை. காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது பின்னால் நீங்கள் ஏறியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறேன். திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் தூங்குங்கள் பாய். வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.